ஏற்காட்டில் வரும் மூச்சுப் புகை சேலத்தில் ஏன் வருவதில்லை?

ஐந்துரோடு அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். விடியற்காலையிலேயே கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே சேர்ந்தபோது மணி ஆறேமுக்கால். ஏரிக்கரையில் காரை விட்டு இறங்கியதும் என் எட்டு வயது மகள் வாயைத் திறந்து "ஹா" என்றாள். வெள்ளையாகப் புகை. அவ்வளவுதான், அடுத்த அரை மணி நேரம் வீட்டில் எல்லோருமே பீடி குடிக்கிறவர்கள் மாதிரி ஊதிக்கொண்டு நின்றோம்.

அடிவாரத்தில் டீ குடிக்க நின்றபோதும் குளிராகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. "அப்பா, எத்தனையாவது வளைவிலிருந்து புகை வரும்?" என்று கேட்டாள். குளிரில் அப்படித்தான் வரும் என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. "ஐஸ் தண்ணி குடிச்சிட்டு ஊதினா நம்ம வீட்லயும் வருமா?" இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், குழந்தைக்குப் புரிகிற மாதிரி.

செவ்வாய்ப்பேட்டை

இதில் என்ன சார் சந்தேகம். நாம் வெளியே விடுவது கார்பன் டை ஆக்சைடு. குளிரில் அது உறைந்து வெள்ளையாகத் தெரிகிறது. கல்யாண மேடையில் மாப்பிள்ளை பொண்ணு காலடியில் டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) புகை விடுகிறார்களே, அதே சமாச்சாரம்தான்.

ஓய்வு வாத்தியார்

செவ்வாய்ப்பேட்டை தம்பி, நல்ல உதாரணம் எடுத்தீர்கள், ஆனால் அது உங்கள் கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

கார்பன் டை ஆக்சைடு உறைய வேண்டுமென்றால் சுழியத்துக்குக் கீழே 78 டிகிரி வேண்டும். ஏற்காட்டில் மார்கழியில்கூட அதற்குப் பக்கத்தில் போக முடியாது. வாயுவாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. நாம் விடும் மூச்சில் அது இருப்பதே சுமார் 4 சதவீதம். கல்யாண மேடையில் தெரிகிற வெள்ளைப் புகையும் கார்பன் டை ஆக்சைடு இல்லை. டிரை ஐஸ் பக்கத்துக் காற்றைக் குளிர வைக்கிறது, அந்தக் காற்றில் இருந்த ஈரம் துளித்துளியாகத் திரள்கிறது. நீங்கள் பார்ப்பது தண்ணீர்த் துளிகளை.

மூச்சிலும் அதேதான். நுரையீரல் முழுக்க ஈரம். வெளியே வரும் காற்று சுமார் 34 டிகிரி சூட்டில், ஏறக்குறைய முழுக்க நீராவி ஏறிய நிலையில் வருகிறது. நீராவியும் கண்ணுக்குத் தெரியாத வாயுதான். இட்லிச் சட்டி மூடியின் ஓட்டையைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டைக்கு மிக நெருக்கத்தில் ஒன்றும் இருக்காது, கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளை ஆரம்பிக்கும். அந்த வெற்று இடத்தில் இருப்பதுதான் அசல் நீராவி. (கையை வைத்துச் சோதிக்க வேண்டாம்.) நாம் "ஆவி" என்று சொல்லிக் காட்டும் வெள்ளை, ஆவி சுருங்கித் துளியான பிறகு வருவது.

செவ்வாய்ப்பேட்டை

சரி சார், ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருடமாக மேடைப் புகையைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறேன்.

மூக்கனேரி நடை

தலைப்பிலேயே தப்பு இருக்கிறது. சேலத்திலும் வரும். நான் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் தினமும் ஐந்து மணிக்கு நடப்பவன். மார்கழியில் மூன்று நான்கு நாள் என் மூச்சு தெரிந்திருக்கிறது.

குகை ராத்திரி டூட்டி

அண்ணா, சும்மா சொல்லாதீர்கள். நான் 25 வருடமாக ராத்திரி ஆட்டோ ஓட்டுகிறேன். விடியற்காலை மூன்று மணி, நாலு மணி, எல்லா மாதமும் பார்த்தாயிற்று. சேலத்தில் எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. உங்களுக்கு முன்னால் நடந்துபோனவர் பீடி பற்ற வைத்திருப்பார்.

மூக்கனேரி நடை

பீடி வாசனை எனக்குத் தெரியாதா? எதிரே பைக் வரும்போது அதன் வெளிச்சத்தில் என் வாயிலிருந்து வருவதைப் பார்த்தேன். பைக் போனதும் தெரியவில்லை.

ஒண்டிக்கடை

ஏற்காட்டுக்காரன் பேசலாமா? எங்களுக்கு இது தினசரி வேடிக்கை. ஆனால் நீங்கள் எல்லோரும் "குளிர், குளிர்" என்றே பேசுகிறீர்கள். மேலே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும், குளிர் மட்டும் கணக்கு இல்லை.

ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி இறங்கி நிற்கும்போது அவ்வளவு ஒன்றும் குளிராது. ஒரு ஸ்வெட்டர் போதும். அப்போது பகல் பதினோரு மணிக்குக்கூட மூச்சு தெரியும். தை மாதம் வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், குளிர் எலும்பைத் தொடும். ஆனால் வெயில் ஏறி ஒன்பது மணி ஆனால் எவ்வளவு ஊதினாலும் ஒன்றும் இருக்காது, கையோ விறைத்துக் கிடக்கும்.

எஸ்டேட்டில் எங்கள் கணக்கு இதுதான்: களத்தில் காப்பி காய்கிற நாளில் மூச்சு தெரியாது. காயாத நாளில் தெரியும். பழம் பறிக்க வரும் அக்காக்கள் காலையில் லயத்தை (எஸ்டேட் வரிசை வீடு) விட்டு வெளியே வந்ததும் ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் களம் காயாது" என்பார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஓய்வு வாத்தியார்

ஒண்டிக்கடை தம்பி, நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியதை அந்த அம்மாக்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள். சண்டையைத் தீர்க்க ஒரு கணக்குப் போடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

34 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 37.5 கிராம் நீராவி இருக்கலாம். 24 டிகிரியில் சுமார் 22 கிராம். 14 டிகிரியில் 12 கிராம். சூடு சீராகக் குறைந்தாலும் இந்த அளவு சீராகக் குறைவதில்லை, சூடு அதிகமான பக்கத்தில் வேகமாகச் சரிகிறது. இந்தக் கதை முழுக்க அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

ஏற்காடு ஏரிக்கரை, காலை 14 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் 11.5 கிராம். மூச்சில் 37.5 கிராம். இரண்டும் சரிபாதி கலந்தால் சூடு 24 டிகிரி, நீராவி இரண்டின் சராசரி, 24.5 கிராம். ஆனால் 24 டிகிரியில் 22 கிராமுக்குத்தான் இடம். மீதி இரண்டரை கிராம் எங்கே போகும்? துளியாகும். அதுதான் புகை.

இதில் வேடிக்கையைக் கவனியுங்கள். மூச்சு தனியாக இருந்தவரை துளி இல்லை. வெளிக்காற்று தனியாக இருந்தவரை அதிலும் துளி இல்லை. இரண்டும் கலந்ததால் வந்தது.

இப்போது மே மாதச் சேலம். பிற்பகல் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம், காற்றில் சுமார் 14 கிராம். சரிபாதி கலந்தால் 36 டிகிரி, 26 கிராம். அங்கே 41 கிராமுக்கு இடம் இருக்கிறது. துளிக்கு வாய்ப்பே இல்லை. நம் மூச்சு அங்கே வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சி!

மார்கழி விடியற்காலை மூக்கனேரி: 19 டிகிரி, 95 சதவீதம். மூச்சு மூன்று பங்கு, வெளிக்காற்று ஏழு பங்கு கலந்தால் மீதி சுமார் ஒரு கிராம் நிற்கிறது. ஏற்காட்டில் வந்ததில் பாதிகூட இல்லை, ஆனால் சுழியமும் இல்லை. துளிகள் தம்மேல் படும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை முன்பக்கமாகவே சிதறவிடும். அதனால் எதிரே விளக்கு வந்தால் மெல்லிய புகைகூடப் பளிச்சென்று தெரியும். விளக்கு போனதும் காணாமல் போகும். பீடி இல்லை.

குகை ராத்திரி டூட்டி

அப்படியென்றால் எனக்கு ஏன் வரவில்லை?

ஓய்வு வாத்தியார்

நீங்கள் ஓட்டுவது பழைய பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன் பக்கம். பகல் முழுக்கச் சூடு குடித்த தார் ரோடும் கான்கிரீட்டும் ராத்திரியில்கூட அதைத் திரும்ப விட்டுக்கொண்டிருக்கும். ஏரிக்கரை அதைவிடக் குளிர்ச்சி, ஈரமும் அதிகம். மீதி நிற்பதே ஒரு கிராம் என்கிறபோது, இரண்டு டிகிரி ஏறினாலும் ஈரம் கொஞ்சம் குறைந்தாலும் அது போய்விடும்.

குகை ராத்திரி டூட்டி

கண்ணால் பார்க்கும்வரை நம்ப மாட்டேன். மார்கழி வரட்டும்.

மேட்டூர் ஷிப்ட்

வாத்தியார் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். ஆவி துளியாகும்போது சூடு வெளியேறும். அது கலவையைக் கொஞ்சம் சூடாக்கும், சூடானால் இடம் கூடும். அதனால் அந்த இரண்டரை கிராமும் துளியாகாது. நான் போட்டுப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திரள்கிறது. புகை வருமா வராதா என்ற முடிவு மாறாது, அளவு மட்டும் மாறும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சாதாரணமாக ஒரு தடவை விடும் மூச்சு அரை லிட்டர். அது தன்னளவு வெளிக்காற்றோடு கலந்தால் ஒரு லிட்டர் கலவை. அதில் திரளும் தண்ணீர் ஒரு மில்லிகிராம்கூட இல்லை! ஒரு சொட்டுத் தண்ணீரை ஐம்பதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு அளவு. ஆனால் துளி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவு என்று வைத்தால், எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தனையும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் குழந்தை முகமே மறைகிற அளவுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

எங்கள் ஊர் அனல்மின் நிலையத்துக் கூலிங் டவரும் இப்படித்தான். அதற்கு மேலே நிற்பதைப் புகை என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். ஈரக்காற்றுதான். குளிர்ந்த விடியற்காலையில் வால் நீளமாகப் போகும், கோடை மத்தியானத்தில் டவர் வாயிலேயே கரைந்துவிடும். மேலே பறக்கும் விமானம் வெள்ளைக்கோடு இழுப்பதற்கும் இதே கலவைக் கணக்குதான், அங்கே துளி உறைந்து பனித்துகளாகிவிடுகிறது.

ஓய்வு வாத்தியார்

திருத்தத்துக்கு நன்றி தம்பி. பாடத்தில் அதை விட்டுவிட்டுத்தான் நடத்துவோம், பழக்கதோஷம். "இடம் இருக்கிறது" என்று நான் சொன்னதையும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். காற்று ஒன்றும் தண்ணீரை உறிஞ்சி வைக்கும் பஞ்சு இல்லை. தண்ணீரிலிருந்து பிரிந்து போகும் மூலக்கூறும் திரும்பி வந்து ஒட்டும் மூலக்கூறும் சமமாகும் அளவுதான் அது. சூடு குறைந்தால் பிரிந்து போவது குறையும். பேச்சு வசதிக்கு இடம் என்கிறோம்.

இந்தக் கலவை யோசனை பழையது. 1784-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் ஹட்டன் என்பவர் மழை எப்படி உண்டாகிறது என்று சொல்ல வந்தபோது, குளிரில் தெரியும் மூச்சைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். மழை விஷயத்தில் அவர் கணக்கு முழுதாக நிற்கவில்லை, மழைக்குக் காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். மூச்சு விஷயத்தில் நின்றது.

அதற்குச் சுமார் நூறு வருடம் கழித்து, 1880 வாக்கில், ஜான் எய்ட்கன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் பஞ்சில் வடிகட்டித் தூசியை நீக்கிய காற்றுக்குள் நீராவியை விட்டுப் பார்த்தார். மூட்டம் வரவில்லை. சாதாரணக் காற்றில் விட்டபோது வந்தது. துளி உட்கார ஒரு தூசி மணை வேண்டும் என்று அப்போதுதான் தெளிவானது. மனிதர் நடமாடும் இடத்தில் மணைக்குப் பஞ்சமே இல்லை.

நர்ஸ் அக்கா

ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். குழந்தைக்கு அதிகமாகப் புகை வருகிறது, நெஞ்சுச் சளியா என்று மலைக்குப் போய் வந்த அம்மாக்கள் சிலர் கேட்பார்கள். இல்லை. ஓடியாடும் குழந்தை வாயால் வேகமாக மூச்சு விடும், அதனால் நிறையத் தெரியும். மூக்கு வழியாக வரும்போது உள்ளே போன குளிர்காற்று குளிர்வித்து வைத்திருக்கும் சவ்வு, வெளியே வரும் மூச்சிலிருந்து கொஞ்சம் சூட்டையும் ஈரத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதனால் மூக்குப் புகை எப்போதும் மெலிதாக இருக்கும்.

மூச்சு வழியாக மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் இழக்கிறோம். குளிர் ஊரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட குளிரில் இழப்பு கூடும். ஏற்காடு போனால் தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.

மாஸ்க் போட்டு மூக்குக்கண்ணாடி மங்கியதே, அது மட்டும் வேறு வகை. அங்கே கலக்க வேண்டியதில்லை. கண்ணாடி குளிர்ச்சியாக இருக்கிறது, மூச்சு அதன்மேல் நேராகப் படிகிறது. அதனால்தான் ஏசி ரூமிலும் மங்கும், ஆனால் மூச்சுப் புகை தெரியாது.

ஐந்துரோடு அப்பா

எல்லோருக்கும் நன்றி. இட்லிச் சட்டியில் புரிந்துகொண்டாள். இருந்தாலும் ஐஸ் தண்ணிக் கேள்வி பாக்கி என்று நினைவூட்டுகிறாள்.

ஓய்வு வாத்தியார்

எதிர்மாறாக நடக்கும் கண்ணு. வாயில் ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு ஏற்காட்டில் ஊதினால் புகை குறையும். மூச்சு வாய்க்குள்ளேயே குளிர்ந்து ஈரத்தை அங்கேயே விட்டுவிடும், வெளியே வரும்போது கொடுக்க மிச்சம் இருக்காது.

சேலத்திலேயே புகை பார்க்க வேண்டுமென்றால் அப்பாவை ஃபிரீசர் கதவைத் திறக்கச் சொல்லு. உள்ளே வாயைக் காட்டி மெதுவாக "ஹா" என்று விடு. மே மாதத்திலும் வரும். கதவைத் திறந்ததும் தானாகவே ஒரு வெண்மூட்டம் வழியும் பார், அது கீழ்நோக்கி இறங்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனம். ஏரிக்கரையில் உன் மூச்சு மேல்நோக்கிப் போனதல்லவா?

இன்னொன்று. அடுத்த முறை மேலே போகும்போது உதட்டைக் குவித்து விளக்கை அணைக்கிற மாதிரி "ஃபூ" என்று ஊது. பிறகு "ஹா" என்று விடு. எது நன்றாகத் தெரிகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

குகை ராத்திரி டூட்டி

ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில் சோதித்தேன். வந்தது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று மூன்று தடவை கேட்டுவிட்டார், கடைசியில் ஒரு கப் வாங்க வேண்டியதாயிற்று. மூக்கனேரி அண்ணன் சொன்னதை இன்னும் நம்பவில்லை.

ஐந்துரோடு அப்பா

தை மாதம் ஆகிவிட்டது, பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். இடையில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கினேன். அதை வைத்து இரண்டு தடவை மேலே போய்விட்டு வந்தோம்.

முதல் தடவை கார்த்திகைக் கடைசி. ஏரி பாதி மூடுபனியில் மறைந்திருந்தது. மீட்டர் 17 டிகிரி, 96 சதவீதம். "ஹா" என்று விட்டால் கொட்டியது. அது கரையவும் இல்லை, மிதந்துபோய் மூடுபனியோடு சேர்ந்துகொண்டது. "ஃபூ" என்று ஊதினால் உதட்டருகே ஒரு கோடு மாதிரி தெரிந்து மறைந்தது. வாத்தியார் ஐயா, "ஹா"தான் ஜெயித்தது.

இரண்டாம் தடவை போன வாரம். பகோடா பாயின்டில் காலை ஒன்பதரை. மீட்டரைப் பார்த்து நானே இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், அதே 17 டிகிரி. ஈரப்பதம் 52. "ஹா", "ஃபூ", ஓடிவிட்டு "ஹா", எதற்கும் ஒன்றும் இல்லை. மகளுக்கு ஏமாற்றம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஓய்வு வாத்தியார்

அருமை! அதே சூடு, வேறு ஈரம். இதைவிடச் சுத்தமான சோதனை வகுப்பறையில் அமையாது. "ஃபூ" என்னும்போது மூச்சு மெல்லிய தாரையாக வேகமாகப் போகிறது, பக்கத்துக் காற்றை இழுத்துச் சட்டென்று கலந்துவிடுகிறது. கலவையில் வெளிக்காற்று மிக அதிகமானால் துளி மறுபடி ஆவியாகிவிடும். "ஹா" பெரிய உருண்டையாகப் போவதால் நடுப்பகுதி கலக்க நேரமாகும், அதுவரை தெரியும்.

ஒண்டிக்கடை

அந்த இரண்டாம் நாள் போகிற வழியில் எங்கேயாவது களத்தில் காப்பி காய்ந்ததா, பார்த்தீர்களா?

ஐந்துரோடு அப்பா

நீங்கள் கேட்ட பிறகு போட்டோக்களைத் தேடினேன். மகள் கார் ஜன்னல் வழியாக எடுத்த ஒன்றில் களம் முழுக்கப் பரப்பியிருக்கிறது, ஒருவர் கட்டையால் கிளறிக்கொண்டிருக்கிறார்.

எந்த வளைவு என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. கார்த்திகைப் பயணத்தில் இருட்டோடு ஏறும்போது, வண்டி ஓரம் கட்ட இடம் இருந்த இடத்திலெல்லாம் நிறுத்தி இறங்கி ஊதினோம். 11-ஆம் வளைவு தாண்டி முதலில் தெரிந்தது. மத்தியானம் இறங்கும்போது அதே இடத்தில் நிறுத்தினோம், ஒன்றும் இல்லை. நோட்டில் "11, ஆனா காலையில மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ஒண்டிக்கடை

எழுதட்டும். ஆனால் இனிமேல் வளைவுப் பக்கம் நிறுத்தாதீர்கள் அண்ணா. காலையில் காய்கறி லோடு வண்டிகள் வேகமாக இறங்கும்.

குகை ராத்திரி டூட்டி

நேற்று விடியற்காலை கன்னங்குறிச்சிக்கு ஒரு சவாரி. ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டுக்கு முன்னால் நின்று ஊதினேன். லேசாக வந்தது. மூக்கனேரி அண்ணா, பீடி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.